வர்ஜீனியாவில் 90 ஏக்கர்: கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் எழுதிக் கொடுக்கலாமா? வரிச் சலுகை உண்மையில் எவ்வளவு தேறும்?

ஓக்மரத்தோப்பு

வணக்கம். நானும் என் மனைவியும் வர்ஜீனியாவில் ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் 90 ஏக்கர் வைத்திருக்கிறோம். பாதி ஓக், ஹிக்கரி மரக்காடு. மீதி புல்வெளி, பக்கத்துப் பண்ணைக்காரர் அதில் மாட்டுத் தீவனத்துக்குப் புல் அறுத்துக்கொள்கிறார். நடுவில் ஒரு ஓடை போகிறது. வாஷிங்டன் பக்கமிருந்து வீட்டு மனைகள் வருஷா வருஷம் எங்களை நெருங்கி வருகின்றன. எங்கள் காலத்துக்கு அப்புறம் இந்த இடம் துண்டு துண்டாகப் போகக் கூடாது என்பதுதான் எங்கள் ஆசை.

உள்ளூர் லேண்ட் டிரஸ்ட் ஒன்றிடம், அதாவது நிலம் காக்கிற அறக்கட்டளையிடம், பேசினோம். அவர்கள் சொல்வது இது: நிலம் எங்கள் பெயரிலேயே இருக்கும். விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், புல் அறுக்கலாம், வனத் திட்டப்படி மரமும் வெட்டலாம். மனை பிரிக்கிற உரிமையை மட்டும் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதைத்தான் கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்கிறார்கள். அது பத்திரமாகப் பதிவாகும். எங்களுக்குப் பின்னால் யார் வாங்கினாலும் அவர்களையும் கட்டும், காலவரம்பே கிடையாது.

இப்போது சந்தையில் நிலத்தின் விலை சுமார் 9 லட்சம் டாலர். மனை போட முடியாது என்றான பிறகு 5.5 லட்சம் இருக்கலாம் என்று மதிப்பீட்டாளர் வாய்மொழியாகச் சொன்னார். அந்த 3.5 லட்சம் வித்தியாசத்தை நாங்கள் தானம் கொடுத்ததாகக் கணக்கு வைத்து, வரி போடுகிற வருமானத்திலிருந்து கழிவு தருவார்களாம். மாநிலம் தனியாக ஒரு கிரெடிட் தருமாம், அதாவது கட்ட வேண்டிய வரியிலேயே குறைத்துக்கொள்கிற தொகை. எங்கள் இருவர் வருமானமும் சேர்த்து 1.4 லட்சம் டாலர். பிள்ளைகள் இரண்டு பேர், கல்லூரியில் படிக்கிறார்கள்.

கையில் என்ன வரும், எதை விட்டுக்கொடுக்கிறோம், இது முறையான காரியம்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரிப்படிவம்

சார், நான் இங்கே சிபிஏ, உரிமம் பெற்ற கணக்காளர். இந்த மாதிரிக் கணக்குகள் பார்த்திருக்கிறேன். முதலில் சட்டத்தைச் சொல்லிவிட்டு எண்ணுக்கு வருகிறேன்.

கூட்டாட்சி வரிச் சட்டத்தின் 170(எச்) பிரிவுதான் இதற்கு அடிப்படை. 1976இலேயே சட்டத்தில் இதற்கு இடம் கொடுத்தார்கள், 1980இல் நிரந்தரமாக்கினார்கள். தானம் என்றைக்குமானதாக இருக்க வேண்டும். வாங்கிக்கொள்வது தகுதியுள்ள டிரஸ்டாகவோ அரசு அமைப்பாகவோ இருக்க வேண்டும். பொதுமக்களுக்கான வெளிப்புறப் பொழுதுபோக்கு, இயற்கை வாழிடம், திறந்தவெளி, வரலாற்றுச் சிறப்பு ஆகிய நான்கு நோக்கங்களில் ஒன்றாவது நிறைவேற வேண்டும். விவசாய நிலமும் காடும் திறந்தவெளிக்குள் வரும். உங்களுக்கு வாழிடம், திறந்தவெளி இரண்டுமே பொருந்தும்.

முன்பெல்லாம் ஆண்டு வருமானத்தில் 30 சதவீதம் வரைதான் கழிக்கலாம், மிச்சத்தை 5 ஆண்டுக்குத்தான் தள்ளிக்கொண்டு போகலாம். 2006இல் இதைக் கூட்டினார்கள், 2015 டிசம்பரில் அதுவே நிலையானது. இப்போது 50 சதவீதம், அதோடு 15 ஆண்டு வரை தள்ளலாம். வருமானத்தில் பாதிக்கு மேல் விவசாயத்திலிருந்து வருகிறவர்களுக்கு, நிலம் தொடர்ந்து விவசாயத்துக்குக் கிடைக்கும் என்றால், 100 சதவீதம் வரை கழிக்கலாம். நீங்கள் சம்பளக்காரர், உங்களுக்கு 50தான்.

இப்போது கணக்கு. வர்ஜீனியா தானத்தின் மதிப்பில் 40 சதவீதம் கிரெடிட் தரும். உங்களுக்கு 1.4 லட்சம். ஆண்டுக்கு எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் அதை இன்னொருவருக்கு விற்கலாம், விற்கும்போது முகமதிப்பைவிடக் குறைவாகத்தான் வரும். அப்புறம் முக்கியமான விஷயம், பலர் இதைக் கவனிப்பதில்லை: 2019இல் வந்த கருவூல விதிப்படி, மாநில கிரெடிட் 15 சதவீதத்தைத் தாண்டினால், அந்தத் தொகையைக் கூட்டாட்சிக் கழிவிலிருந்து குறைத்துவிட வேண்டும். ஆக உங்கள் கழிவு 3.5 லட்சம் அல்ல, 2.1 லட்சம். வருமானத்தில் பாதி, ஆண்டுக்கு 70,000 வீதம் மூன்று ஆண்டில் தீர்ந்துவிடும். முழுவதும் 22 சதவீத வரிப் படியில் விழுகிறது என்று வைத்தாலும் மிச்சம் 46,200 டாலர். நடைமுறையில் பெரும்பகுதி 12 சதவீதப் படிக்கு இறங்கிவிடும், அதனால் இதைவிடக் குறையும்.

எல்லாம் சேர்த்து 1.8 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது. கொடுப்பது 3.5 லட்சம். நேர்மையாக மதிப்பிட்ட ஈஸ்மென்டில் யாரும் லாபம் பார்ப்பதில்லை, கொடுத்ததில் ஒரு பங்கு திரும்ப வருகிறது, அவ்வளவுதான். யாராவது லாபம் வரும் என்று சொன்னால் அந்த ஆளை விட்டு விலகிவிடுங்கள்.

வாரிசு வரியிலும் ஒரு சலுகை இருக்கிறது. ஈஸ்மென்ட் போட்ட நிலத்தின் மதிப்பில் 40 சதவீதம் வரை, அதிகபட்சம் 5 லட்சம் டாலர், கணக்கில் சேராது. ஆனால் 2026 முதல் ஒருவருக்கு 1.5 கோடி டாலர் வரை வாரிசு வரியே கிடையாது என்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு அது பயன்படப் போவதில்லை.

நேர்க்கணக்கு

சிபிஏ சார் சொன்ன எண்களையே எடுத்துக்கொண்டு ஒன்று கேட்கிறேன். இதே 90 ஏக்கர், இதே 3.5 லட்சம் தானம். நிலத்துக்காரர் ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் சம்பாதிக்கிறவர் என்றால் அவருக்குக் கழிவின் பலன் 35 சதவீதம் வரை கிடைக்கும், ஒரே ஆண்டில் கணக்கு முடிந்துவிடும். மாடு வளர்த்து 50,000 டாலர் சம்பாதிக்கிற குடும்பமென்றால், 100 சதவீதம் வரை கழிக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், கழிப்பதற்கு அவர்களிடம் வரியே அதிகமில்லை. காடு ஒன்றுதான், ஓடை ஒன்றுதான். பொதுப்பணம் மட்டும் பணக்காரருக்குக் கூடுதலாகப் போகிறது. சலுகையைக் கழிவாகக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இரண்டாவது, எந்த நிலம் காப்பாற்றப்பட வேண்டும் என்பதை இங்கே யார் முடிவு செய்கிறார்கள்? கொடுக்க முன்வருகிறவர்தான். அபூர்வமான தாவரம் இருக்கிற சதுப்பு நிலத்தின் சொந்தக்காரருக்கு விருப்பமில்லை என்றால் அது போகும். குதிரை வளர்க்கிற பெரிய எஸ்டேட்டின் பச்சைப் புல்வெளி என்றென்றைக்கும் நிற்கும். கோல்ஃப் மைதானங்களுக்குக்கூட இந்தக் கழிவைக் கேட்டு நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். ஜார்ஜியாவில் சேம்பியன்ஸ் ரிட்ரீட் என்ற கோல்ஃப் மைதான வழக்கில் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மைதானக்காரர்கள் பக்கம் தீர்ப்பும் சொன்னது.

மூன்றாவது, பெரும்பாலான இந்த நிலங்களில் பொதுமக்கள் கால் வைக்க முடியாது. வாழிடம் என்ற நோக்கத்துக்கு நுழைவு உரிமை கொடுக்கத் தேவையில்லை என்றுதான் விதி இருக்கிறது. வரி கட்டுகிற எல்லோருடைய பணமும் இதில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

ஓக்மரத்தோப்பு, உங்கள் எண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. இந்த ஏற்பாட்டைத்தான் கேட்கிறேன்.

ஹில்கன்ட்ரி

டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். ஆஸ்டினுக்கு மேற்கே எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறு ராஞ்ச், அதாவது கால்நடைப் பண்ணை, இருக்கிறது. இங்கே மாநில வருமான வரி கிடையாது, சொத்து வரிதான் கழுத்தைப் பிடிக்கும். அதனால் இங்கே நிலம் காக்கிறவர்களுக்குச் சலுகை சொத்து வரியில் வருகிறது.

விவசாய நிலத்தைச் சந்தை விலைக்கு மதிப்பிடாமல், அதில் விளைவதை வைத்து மதிப்பிட்டு வரி போடுவார்கள். பழைய சிக்கல் என்னவென்றால், அந்த மதிப்பீடு கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமென்று தேவையில்லாமல் மாடு மேய்த்தார்கள். மேய்ச்சல் தாங்காத மண்ணிலும் மாடு நின்றது. 1995இல் மாநில வாக்காளர்கள் அரசமைப்புத் திருத்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். காட்டுயிர் பராமரிப்பும் விவசாயப் பயன்பாடுதான் என்றாயிற்று. வாழிடத்தைச் சீராக்குவது, மண்ணரிப்பைத் தடுப்பது, கொன்றுண்ணிகளைக் கட்டுப்படுத்துவது, தண்ணீர் வைப்பது, தீவனம் வைப்பது, கூடும் ஒதுங்கிடமும் அமைப்பது, கணக்கெடுப்பது என்ற ஏழில் குறைந்தது மூன்றை ஆண்டுதோறும் செய்து காட்ட வேண்டும். வரி உயரவும் செய்யாது, குறையவும் செய்யாது. மாடு மேய்ப்பதை நிறுத்திவிட்டுப் புல்லை வளர விடலாம். எங்கள் இடத்தில் செடார் புதரை வெட்டிக் குறைத்தோம், பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்தோம், வசந்த காலத்தில் பறவைகளை எண்ணி எழுதி வைக்கிறோம்.

இதில் பணக்காரருக்குக் கூடுதல், ஏழைக்குக் குறைவு என்ற பேச்சு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஏற்கெனவே விவசாய மதிப்பீடு வாங்கிய நிலத்துக்கு மட்டும்தான் இது கிடைக்கும். காடாகவே கிடந்த நிலத்தை வாங்கியவருக்கு நேரடி வழி இல்லை. அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குறையும் இருக்கிறது. இது வாடகை மாதிரி, ஈஸ்மென்ட் கிரயம் மாதிரி. மனைக்காரர் நல்ல விலை சொன்ன அன்றைக்கு எல்லாம் முடிந்துவிடும். பயன்பாட்டை மாற்றினால் கடந்த மூன்று ஆண்டு வரி வித்தியாசத்தைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. முன்பு ஐந்து ஆண்டும் அதற்கு வட்டியும் இருந்தது. 2019இல் மூன்றாகக் குறைத்தார்கள், 2021இல் வட்டியையும் எடுத்துவிட்டார்கள். மனை விலைக்கு முன்னால் அந்தத் தொகை ஒன்றுமே இல்லை. எங்களைச் சுற்றி இருந்த ராஞ்சுகளில் பாதி இப்படித்தான் போயின.

ஓக்மரத்தோப்பு

எல்லோருக்கும் நன்றி. நேர்க்கணக்கு, உங்கள் மூன்று கேள்வியும் நியாயமானவை. ஒன்றுக்கு மட்டும் என் பக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் ஓடை கீழே போய் ஊர்க் குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கிற ஆற்றில் சேருகிறது. எங்கள் நிலத்துக்குள் யாரும் வராவிட்டாலும் அந்தத் தண்ணீர் அவர்கள் வீட்டுக்குப் போகிறது. நுழைவு உரிமை ஒன்றை வைத்து மட்டும் பொதுப்பயனை அளந்தால் இது கணக்கில் வராமல் போகும்.

சிபிஏ சார், செய்திகளில் ஈஸ்மென்ட் மோசடி என்று அடிபடுகிறதே, அது எங்களைப் போன்றவர்களையும் பாதிக்குமா?

வரிப்படிவம்

பாதிக்கும், அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அது சிண்டிகேட் ஈஸ்மென்ட். ஒரு கூட்டம் ஜார்ஜியா போன்ற இடங்களில் மலிவாக நிலம் வாங்கும். ஒரு பங்கு நிறுவனத்தைத் தொடங்கி, வரியைக் குறைக்க நினைக்கிற டாக்டர், வக்கீல், வியாபாரி இவர்களுக்குப் பங்கு விற்கும். அப்புறம் ஒரு மதிப்பீட்டாளரைப் பிடித்து, அந்தப் பொட்டல் நிலத்தில் சொகுசு விடுதி வரும், கல்குவாரி வரும் என்று எழுதி வாங்கி, வாங்கிய விலையைப் போல் பல மடங்கு மதிப்புக் காட்டும். ஈஸ்மென்ட் கொடுத்ததும், ஒரு டாலர் போட்டவருக்கு நான்கு டாலர், ஐந்து டாலர் கழிவு. அங்கே யாருக்கும் மரமும் தெரியாது, ஓடையும் தெரியாது. பெரும்பாலானவர்கள் அந்த நிலத்தைப் பார்த்ததுகூட இல்லை.

2016 டிசம்பரில் வரித்துறை ஓர் அறிவிப்புப் போட்டது: போட்ட பணத்தைப் போல் 2.5 மடங்கோ அதற்கு மேலோ கழிவு கிடைக்கும் என்று ஆசை காட்டி விற்ற திட்டங்களை எல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று. அந்த அறிவிப்பைப் போட்ட முறை சரியில்லை என்று வரி நீதிமன்றம் 2022இல் சொன்னதால், முறைப்படி விதியாகவே 2024இல் கொண்டுவந்தார்கள். செனட் நிதிக்குழுவில் இரு கட்சியும் சேர்ந்து விசாரித்து 2020இல் அறிக்கை தந்தன. 2022 டிசம்பரில் காங்கிரஸ் சட்டமே போட்டது: பங்கு நிறுவனம் கொடுக்கிற ஈஸ்மென்டின் மதிப்பு, பங்காளிகள் போட்ட முதலைப் போல் 2.5 மடங்கைத் தாண்டினால் கழிவே கிடையாது. மூன்று ஆண்டு நிலத்தை வைத்திருந்தவர்களுக்கும் குடும்பப் பங்கு நிறுவனங்களுக்கும் விலக்கு உண்டு. 2023இல் இரண்டு திட்ட அமைப்பாளர்கள் மேல் குற்றம் உறுதியானது. 2024 ஜனவரியில் ஒருவருக்கு 25 ஆண்டும் இன்னொருவருக்கு 23 ஆண்டும் சிறை.

நீங்கள் தனிநபர், பல ஆண்டாகச் சொந்த நிலம், அதனால் இந்தச் சட்டம் நேராக உங்கள் மேல் விழாது. ஆனால் அந்தக் கூட்டத்தால் வரித்துறை எல்லா ஈஸ்மென்ட் படிவங்களையும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கிறது. நல்ல எண்ணத்தில் கொடுத்தவர்களும் ஒரு கையெழுத்து, ஒரு கடிதம் விடுபட்டதால் முழுக் கழிவையும் இழந்திருக்கிறார்கள். மதிப்பு இரட்டிப்புக்கு மேல் கூடுதலாகக் காட்டியிருந்தால் குறைவாகக் கட்டிய வரியில் 40 சதவீதம் அபராதம் வேறு. வர்ஜீனியா கொஞ்சம் முன்யோசனையுடன் நடந்துகொண்டது. கிரெடிட் 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ என்றால் மாநிலத் துறையே அந்த நிலத்தின் பாதுகாப்பு மதிப்பைச் சரிபார்த்த பிறகுதான் தரும். ஆண்டுக்கு மாநிலம் முழுக்க 7.5 கோடி டாலர் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறது.

நேர்க்கணக்கு

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மதிப்பை நிர்ணயிக்கிறவருக்குக் கூலி கொடுப்பது கழிவு வாங்குகிறவர். கூடுதல் மதிப்பு வந்தால் இருவருக்கும் மகிழ்ச்சி, டிரஸ்டுக்கும் நஷ்டமில்லை. அரசு அந்த அறையிலேயே இல்லை, வரிப்படிவம் வந்த பிறகுதான் பார்க்கிறது. இந்த அமைப்பு மாறாமல் 2.5 மடங்கு என்று கோடு போட்டால், 2.4 மடங்கில் வந்து நிற்பார்கள்.

வர்ஜீனியா மாதிரி உச்சவரம்பு, முன்கூட்டிய சரிபார்ப்பு, கழிவுக்குப் பதில் விற்கக்கூடிய கிரெடிட், இவை நல்ல திருத்தங்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். வரி குறைவாகக் கட்டுகிற பண்ணைக்காரரும் கிரெடிட்டை விற்றுக் காசு பார்க்கலாம். மாசசூசெட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 75,000 டாலர் வரை திரும்பக் கையில் கொடுக்கிற கிரெடிட் வைத்திருக்கிறது. வரி இல்லை என்றாலும் காசோலை வரும். கூட்டாட்சிச் சட்டத்தையும் இந்தப் பக்கம் திருப்ப வேண்டும்.

பவானிக்கரை

அண்ணா, எல்லோரும் அமெரிக்கா பற்றிப் பேசுகிறீர்கள், இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சிறுமுகைப் பக்கம். அப்பா காலத்திலிருந்து மலையடிவாரத்தை ஒட்டி ஒரு துண்டு நிலத்தை உழாமல் விட்டிருக்கிறோம். வேலாமரம், ஊஞ்சை, ஓடையோரம் நீர்மருது. யானை வந்து போகும். பக்கத்துக்காரர்கள் சிலர் சைட் போட்டு விற்றுவிட்டார்கள். எங்களையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் தரிசு என்று எழுதியிருக்கிறது. பயிர்க்கடன் கேட்டால் பயிர் இல்லை என்கிறார்கள். மரத்தைக் காப்பாற்றுகிறவனுக்கு நம் ஊரில் இந்த மாதிரி ஏதாவது வரிச் சலுகை உண்டா?

திண்ணைவக்கீல்

தம்பி, நான் மதுரையில் வக்கீல். நில வழக்குகள்தான் அதிகம் பார்க்கிறேன். நீங்கள் கேட்டதற்கு நேரடிப் பதில் இல்லை என்பதுதான். ஏன் இல்லை என்று பார்த்தால் நிறைய விஷயம் புரியும்.

அங்கே சலுகை எதன் மேல் தொங்குகிறது? வருமான வரி, வாரிசு வரி, சொத்து வரி மூன்றின் மேல். நம் ஊரில் விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. வாரிசு வரியை 1985இல் எடுத்துவிட்டார்கள், செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். நகராட்சி எல்லையிலிருந்து தள்ளி இருக்கிற கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியும் இல்லை. நிலத் தீர்வை என்று நீங்கள் கட்டுவது என்ன பெரிய தொகை? அதை முழுசாகத் தள்ளுபடி செய்தாலும் ஒரு மரத்தைக்கூட அது காப்பாற்றாது. விவசாயிக்கு வரியே இல்லாத இடத்தில் வரிச் சலுகை கொடுத்துக் காடு வளர்க்க முடியாது.

சரி, வேறு தொழில் செய்து வருமான வரி கட்டுகிற நிலச் சொந்தக்காரர் ஒருவர் தன் உரிமையை ஓர் அறக்கட்டளைக்குத் தானம் கொடுக்கிறார் என்று வைப்போம். 80ஜி என்று நமக்குப் பழக்கமான அந்தக் கழிவு பணமாகக் கொடுத்தால் மட்டும்தான். நிலமாகவோ உரிமையாகவோ கொடுத்தால் கிடையாது. அப்புறம் 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம். ஒரு நிலத்தின் சொந்தக்காரர் தன் நிலத்தை நன்றாக அனுபவிப்பதற்காகப் பக்கத்து நிலத்தின் மேல் வைத்திருக்கும் உரிமையைத்தான் அது ஏற்கிறது. வண்டிப்பாதை, வாய்க்கால், வெளிச்சம், காற்று மாதிரி. பக்கத்தில் நிலமே இல்லாத ஒரு டிரஸ்ட் உங்கள் நிலத்தின் மேல் இப்படி உரிமை வைத்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் இடமில்லை. குடும்பத்துக்கு வெளியே தானப் பத்திரம் எழுதினால் வழிகாட்டி மதிப்பின் மேல் முத்திரைத் தீர்வையும் கட்டியாக வேண்டும். கொடுப்பதற்கே காசு செலவு.

இருக்கிற ஒரே வாசல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 36சி. ஒரு சமூகமோ தனிநபரோ தானாக முன்வந்தால் அந்தத் தனியார் நிலத்தை மாநில அரசு சமூகக் காப்பகமாக அறிவிக்கலாம். அறிவித்த பிறகு நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டுமென்றால் மேலாண்மைக் குழுத் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். நிலத்துக்காரர் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறார், அவருக்குப் பணமோ வரிக் கழிவோ அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. யார் முன்வருவார்?

இதைவிட எனக்கு வருத்தமான ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். அதன்கீழ் வருகிற காட்டின் சொந்தக்காரர் குழுவின் முன் அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது, விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது. ஜமீன்கள் ஒழியப் போகின்றன என்ற பேச்சு வந்ததும் காட்டை அவசரமாக வெட்டி விற்றார்கள், அதைத் தடுக்க வந்த சட்டம் அது. அன்றைக்குத் தேவைதான். கூடலூர்ப் பக்கம் இன்றைக்கும் அது பல காட்டைக் காப்பாற்றியிருக்கிறது, எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். மரத்தை முன்னாலேயே வெட்டித் தேயிலை போட்டவர் சுதந்திரமாக இருக்கிறார். வெட்டாமல் வைத்தவர் மகள் கல்யாணத்துக்கு அடமானம் வைக்க ஒரு குழுவின் முன் நிற்கிறார். காத்தவருக்கு இங்கே சட்டம் கட்டுப்பாட்டை மட்டும் கொடுக்கிறது.

கோஸ்டா ரிக்காவில் 1996இல் ஒரு வனச் சட்டம் வந்தது. இருக்கிற காட்டை அழித்து வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்ற தடை அதில் இருக்கிறது. அதே சட்டத்தில், காட்டை வைத்திருக்கிறவருக்கு ஹெக்டேருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுக்கிற ஏற்பாடும் இருக்கிறது. எரிபொருள் வரியில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கினார்கள். தடையும் பணமும் ஒன்றாக வந்ததால் ஜனங்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். நம்மிடம் தடை 1949இல் வந்தது, பணம் இன்னும் வரவில்லை. தமிழ்நாட்டுக்கு என்னிடம் கேட்டால் வரிச் சலுகை என்ற வழியை விட்டுவிட்டு, யானை வழித்தடத்தை ஒட்டிய தனியார் நிலங்களுக்கு ஏக்கருக்கு ஆண்டுத் தொகை, பத்தாண்டு ஒப்பந்தம், பதிவுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் தள்ளுபடி, இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

ஹில்கன்ட்ரி

வக்கீல் ஐயா சொன்னது எங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்துகிறது. டெக்சாஸில் மாநில வருமான வரிக் கழிவு கொடுத்திருந்தால் யாருக்கும் பயனில்லை, அதனால் சொத்து வரியில் வைத்தார்கள். ஆனால் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஒரு எச்சரிக்கை. கலிஃபோர்னியாவில் வில்லியம்சன் சட்டம் 1965இலிருந்து இருக்கிறது. பத்தாண்டு ஒப்பந்தம், ஆண்டுதோறும் தானாக ஓராண்டு நீளும், பதிலுக்குச் சொத்து வரி குறையும். அந்த வரி இழப்பை மாவட்டங்களுக்கு மாநிலம் ஈடுகட்டி வந்தது. 2009 நிதி நெருக்கடியில் அந்த ஈட்டுத்தொகை நடைமுறையில் நின்றுபோனது. சுமை உள்ளூர் நிர்வாகங்கள் தலையில் விழுந்தது. எங்கிருந்து பணம் வரும் என்பதைச் சட்டத்திலேயே கட்டி வைக்காவிட்டால், முதல் பஞ்சத்தில் வெட்டப்படுவது இதுதான்.

நேர்க்கணக்கு

திண்ணைவக்கீல், ஆண்டுத் தொகை என்பதற்கு நான் முழு ஆதரவு. அரசு தானே நிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம், எவ்வளவு செலவு என்பது பட்ஜெட்டில் எல்லோருக்கும் தெரியும், சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம். வரிக் கழிவு அப்படி இல்லை, யாருக்கு எவ்வளவு போனது என்று ஊருக்குத் தெரிவதில்லை.

பவானிக்கரை, உங்கள் நிலம் நீலகிரியில் இருக்கிற சீகூர் மாதிரி அறிவிக்கப்பட்ட யானை வழித்தடத்துக்குள் வருகிறதா? அங்கே 2010இல் மாநில அரசு போட்ட அறிவிப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உள்ளே மாட்டிக்கொண்ட சிறு நிலத்துக்காரர்கள் நிலை வேறு.

பவானிக்கரை

இல்லை அண்ணா, எங்கள் புல எண் எந்த அறிவிப்பிலும் இல்லை, விசாரித்துவிட்டோம். அறிவித்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் பக்கத்துக்காரர்கள் அவசரமாக விற்றார்கள். எங்கள் அப்பா சொல்வது ஒன்றுதான்: யானையைக் காட்டிக்கொடுத்தால் நிலம் போய்விடும் என்று ஜனங்கள் நினைக்கிற வரைக்கும், யானை வந்தது என்றே யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். ஏக்கருக்கு வருஷம் ஒரு சோளப் பட்டத்தின் வருமானம் வந்தால்கூட எங்கள் தெருவில் நாலு பேர் விற்காமல் வைத்திருப்பார்கள்.

வக்கீல் ஐயா, இப்போதைக்கு நான் செய்யக்கூடியது என்ன?

திண்ணைவக்கீல்

36சிக்கு மனு போட அவசரப்படாதீர்கள். திரும்பி வர வழி இல்லாத கதவு அது. முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கலில் மரங்களைப் பதியச் சொல்லுங்கள், அதற்கு இடம் இருக்கிறது. தரிசு என்று மட்டும் இருந்தால் நாளைக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று யாரும் வாதாடலாம். ஓடை புறம்போக்கா பட்டாவுக்குள்ளா என்று புல வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். அப்புறம் அப்பா உங்களுக்கு எழுதி வைக்கும்போது செட்டில்மெண்ட் பத்திரத்தில் அந்தத் துண்டைத் தனி அட்டவணையாகக் காட்டச் சொல்லுங்கள். வயநாட்டில் திருநெல்லி - குத்ரக்கோடு வழித்தடத்தில் ஒரு காட்டுயிர் அமைப்பு தனியார் நிலத்தை விலை கொடுத்து வாங்கி யானைக்கு விட்டிருக்கிறது. அந்த மாதிரி யாராவது உங்கள் பக்கம் வந்தால் எல்லை தெளிவாக இருக்கிற நிலத்தைப் பற்றித்தான் பேச முடியும்.

ஓக்மரத்தோப்பு

இரண்டு ஊர்ச் சங்கதியும் ஒரே இழையில் படித்தது எனக்கு உதவியாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். பிள்ளைகளையும் கேட்டோம். பெரியவள், எங்களுக்கு ஆளுக்கு ஒரு வீடு கட்டுகிற உரிமை மட்டும் பத்திரத்தில் இருக்கட்டும், மீதி போகட்டும் என்றாள். அந்த இரண்டு இடமும் ஓடையிலிருந்து தள்ளி, சாலையை ஒட்டி இருக்கும். அதனால் தானத்தின் மதிப்பு குறையும் என்று தெரியும், பரவாயில்லை. பணம் திரும்ப வருவது எங்களுக்கு உதவி, அது வராவிட்டாலும் ஒரு பகுதியையாவது எழுதிக் கொடுத்திருப்போம்.

புல் அறுக்கிற பக்கத்துப் பண்ணைக்காரருக்கு நீண்ட காலக் குத்தகை எழுதித் தரவும் முடிவு செய்திருக்கிறோம். சிபிஏ சார், இனி எந்த வரிசையில் போக வேண்டும்?

வரிப்படிவம்

நல்ல முடிவு சார். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஈஸ்மென்டுக்குப் பின்னால்தான் தன் உரிமை என்று வங்கி எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் பத்திரம் பதிவாகிற நாளுக்கு முன்னால். அப்புறம் வாங்கினால் செல்லாது.

மதிப்பீட்டு அறிக்கையின் தேதி தானத்துக்கு 60 நாளுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது. பக்கத்தில் உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ வேறு நிலம் இருந்து, இந்த ஈஸ்மென்டால் அதன் விலை கூடுகிறது என்றால் அந்த உயர்வையும் கழித்துத்தான் எழுத வேண்டும். மதிப்பீட்டாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நிலம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று படமும் வரைபடமும் சேர்த்த அடிப்படை ஆவணத்தைத் தானத்துக்கு முன்னாலேயே தயாரித்து டிரஸ்டும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் அவர்கள் ஆண்டுதோறும் வந்து பார்க்கும்போது அதைத்தான் கையில் வைத்திருப்பார்கள். அந்தப் பார்வையிடலுக்காக டிரஸ்ட் உங்களிடம் ஒரு நிதியும் கேட்கும், பேசி முடிவு செய்யுங்கள்.

பணமல்லாத தானத்துக்கு வரித்துறை வைத்திருக்கிற 8283 படிவத்தில் மதிப்பீட்டாளர், டிரஸ்ட் இரண்டு கையெழுத்தும் வேண்டும். பதிலுக்கு எதுவும் கொடுக்கவில்லை என்று டிரஸ்ட் தருகிற கடிதம் வரிப்படிவம் தாக்கல் செய்யும் முன் கையில் இருக்க வேண்டும். குத்தகையை ஈஸ்மென்ட் பதிவான பிறகு எழுதுங்கள், அதன் விதிகளுக்கு உட்பட்டது என்று ஒரு வரி சேர்த்து. வங்கிக் கடிதத்துக்குத்தான் நாள் பிடிக்கும், இந்த வாரமே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.